கரும்போடு ஒரு வந்தே பாரத்

திருநெல்வேலிக்காரன் ஒருவனைப் பிடித்து, "மணப்பாறை எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "மொறுமொறுன்னு இருக்கும்" என்பான். நானும் அந்த ரகம்தான். சென்னைக்கு வேலைக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. வருடத்துக்கு மூன்று தடவை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், போக வர நூற்றைம்பது முறை மணப்பாறையைத் தாண்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் அந்தப் பக்கம் போகும்போது நடுச்சாமம். நான் அப்பர் பெர்த்தில், மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, கீழே விட்ட செருப்பு காலையில் இருக்குமா என்ற கவலையோடு தூங்கிக்கொண்டிருப்பேன்.

மணப்பாறை என்றில்லை, விழுப்புரத்திலிருந்து விருதுநகர் வரைக்கும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த தமிழ்நாடு இரண்டு துண்டு. செங்கல்பட்டு வரைக்கும் ஒன்று, கோவில்பட்டிக்குத் தெற்கே ஒன்று. நடுவில் இருப்பதெல்லாம் இருட்டு, அப்புறம் "டீ, காபி, டீ" என்கிற குரல்.

அந்த இருட்டை எனக்குச் சிறு வயதில் நிரப்பிக் கொடுத்தது அப்பா. அவருக்கு ஊர் என்றால் பண்டம். கடம்பூர் என்றால் போளி. கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். சாத்தூர் என்றால் சேவு, வெயில் காலமாக இருந்தால் வெள்ளரிக்காய். விருதுநகர் என்றால் எண்ணெயில் பொரித்த புரோட்டா. காமராஜர் பிறந்த ஊர் என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் புரோட்டாவுக்கு அப்புறம்தான் அதைச் சொல்வார். திண்டுக்கல் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பூட்டைத் தின்ன முடியாது. "நல்ல ஊருதான், ஆனா வாய்க்கு ஒண்ணும் இல்ல" என்பார். பிரியாணி பேர் வாங்கிய பிறகு அந்த ஊரை மன்னித்துவிட்டார்.

அரசாங்கம் இப்போதுதான் இதையெல்லாம் எழுத்தில் ஒத்துக்கொண்டு புவிசார் குறியீடு கொடுக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-இல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல், மணப்பாறை முறுக்குக்கு 2023-இல். ஒவ்வொரு அறிவிப்பு வந்தபோதும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இத நான் அப்பவே சொன்னேன்" என்றார். விண்ணப்பத்தில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

நான் மணப்பாறையைத் தொட்டது ஒரே ஒரு தடவை. மீட்டர் கேஜ் காலம், எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். சென்னையில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். அப்பா தோளைத் தட்டி எழுப்புகிறார். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஓர் அரிக்கேன் வெளிச்சம், கம்பிக்கு நடுவே ஒரு கை, கையில் சணலில் கோத்த முறுக்கு. முகம் தெரியவில்லை. அப்பா ஐந்து ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கை மறைகிறது. வண்டி நகர்கிறது. அப்பா, "ஏய், சில்லற, சில்லற" என்று ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்துகிறார். பிளாட்பாரத்தில் தடதடவென்று ஓடுகிற சத்தம். வண்டி வேகம் எடுக்கிற அந்தக் கடைசி நொடியில் கை மறுபடி வந்து, சில்லறையை என் மடியில் கொட்டிவிட்டுப் போகிறது. அப்பா எண்ணிப் பார்த்தார். பத்து பைசா கூடுதலாக இருந்தது. அந்தப் பத்து பைசாவைச் சொல்லி ஊர் வந்து சேரும் வரை மணப்பாறைக்காரர்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார். எனக்கு மணப்பாறை என்பது இன்றைக்கும் அந்தக் கைதான்.

சரி, இந்தப் பொங்கலுக்கு வருவோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவது என்பது ஜனவரியில் நடக்கிற காரியம் இல்லை, நவம்பரில் நடக்கிற காரியம். முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் எடுக்க முடியும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, தீபாவளிக்கு வாங்கிய வெடி இன்னும் பரணில் இருக்கும்போதே பொங்கல் போருக்குத் தயாராக வேண்டும். காலை 7:50-க்கு எங்கள் வீட்டில் மூன்று செல்போன்கள், ஒரு மடிக்கணினி. மகள் ஒரு மூலையில், மனைவி ஒரு மூலையில், திருச்சியில் இருக்கும் மைத்துனர் தொலைபேசி இணைப்பில். ராக்கெட் விடுகிற இடத்தில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. 8 மணி அடித்ததும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பாய்வோம். முதலில் நான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டும். கோணல் மாணலாக இருக்கிற எழுத்துகளைப் பார்த்து அது பெரிய ஓவா, பூஜ்யமா என்று நான் யோசிக்கிற நேரத்தில் முந்நூறு பேர் பெர்த்தில் ஏறிப் படுத்துவிடுகிறார்கள்.

போவதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. திரும்பி வருவதற்கு எல்லா ராத்திரி வண்டியிலும் காத்திருப்போர் பட்டியல், அதுவும் கல்யாணப் பந்தி மூன்றாம் வரிசை மாதிரி நீளமாக. மைத்துனர்தான், "மாப்ள, வந்தே பாரத்ல மூணு காட்டுது, போடட்டுமா?" என்றார்.

"பகல் வண்டியா? ஒரு நாள் லீவு வீணாப் போகுமேங்க" என்றாள் மனைவி.

நான் அதற்குள், "போடுங்க, போடுங்க" என்று கத்திவிட்டேன். காரணம் என்ன என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிற மனிதன், முறுக்கு ஊரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வேடிக்கை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வேளச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். ஒரே அலமாரியில் கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, மணப்பாறை முறுக்கு. அப்பாவின் மொத்த பூகோளமும் ஆறடி அகலத்தில். விலை ஒட்டிய பொட்டலங்களாகப் பார்த்து, கடலை மிட்டாயும் முறுக்கும் வாங்கினேன். அவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இரவு முழுக்கத் தூங்கி, மணப்பாறை வழியாக மணப்பாறை முறுக்கையும், கோவில்பட்டி வழியாகக் கோவில்பட்டி கடலை மிட்டாயையும் திருநெல்வேலிக்குக் கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள்.

போன பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மிடில் பெர்த்காரர் இரவு 10 மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது, காலை 6 மணிக்கு மேல் படுத்திருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் மிடில் பெர்த்காரர் எட்டரைக்கே படுத்தார். கீழே நாங்கள் மூன்று பேரும் கழுத்தை மடித்துக்கொண்டு, ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி உட்கார்ந்து இட்லி தின்றோம். காலையில் ஊர் வந்துவிட்டது.

பொங்கல் நன்றாக நடந்தது. அதைவிட நன்றாக நடந்தது மூட்டை கட்டுவது.

ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி, திரும்பும்போது ஏழு உருப்படி. இது எங்கள் வீட்டில் மாறாத கணக்கு. அம்மா இதைக் கடைசி நாள் செய்வதில்லை. நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கே புறக்கடைத் திண்ணையில் ஒரு சாக்கு விரிந்துவிடும். பிறகு நாலு நாளும் போகிற வருகிற நேரத்தில் அதில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். தேங்காய் பத்து. சீனியவரைக்காய் வத்தல். மோர் மிளகாய். அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு, அவிக்காதது ஒரு கட்டு. இட்லிப் பொடி இரண்டு வகை, ஒன்று உறைப்பு, இன்னொன்று கூடுதல் உறைப்பு. பானையில் கட்டிய மஞ்சள் குலையை அப்படியே செடியோடு.

"அம்மா, இதெல்லாம் மெட்ராஸ்லயே கிடைக்கும்மா."

"கிடைக்கும்யா. வாயில வைக்க முடியுமா?"

இதற்கு மேல் வாதம் கிடையாது. ஒரு தடவை இரண்டு லிட்டர் பாட்டிலில் தாமிரபரணித் தண்ணீர் கொடுத்துவிட்டாள். அல்வாவுக்கு ருசி அந்தத் தண்ணீரால்தான் வருகிறது என்பது எங்கள் ஊரில் நியூட்டன் விதி மாதிரி. சென்னையில் அந்தத் தண்ணீரை ஊற்றி மனைவி ரசம் வைத்துப் பார்த்தாள். ரசம் ரசம் மாதிரிதான் இருந்தது. அதை அம்மாவிடம் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அல்வாவும் உண்டு. டவுனில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். கொஞ்ச நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். அப்பா மதியச் சாப்பாடு முடிந்ததுமே வரிசைக்குக் கிளம்பிவிடுவார். வாங்குவது இரண்டு கிலோ. ஆனால் வாங்கி வந்து சொல்கிற கதை பத்து கிலோ இருக்கும்: வரிசையில் யார் முன்னால் புகுந்தார்கள், இவர் என்ன கேட்டார், அவர்கள் எப்படித் தலையைக் குனிந்தார்கள்.

கிளம்புகிற அன்று விடியற்காலை நாலரைக்கு எழுந்து பார்த்தால், வாசலில் மூட்டைகளோடு ஒரு முழுக் கரும்பு சாத்தி வைத்திருக்கிறது. தோகையை மட்டும் வெட்டி, அடியிலும் நுனியிலும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஆறடிக்குக் குறையாது.

"அம்மா, இத எப்படிம்மா கொண்டு போறது?"

"கையிலதான்யா. கம்பு மாதிரி புடிச்சிக்கிட்டா போச்சு."

"பாதியா வெட்டிக் குடும்மா."

"பொங்கக் கரும்ப யாராவது வெட்டிக் குடுத்து விடுவாளா? புள்ள ஆசையாக் கேட்டுச்சு."

மகளைப் பார்த்தேன். அவள் கேட்டது மூன்று நாளுக்கு முன்னால், ஒரு துண்டு. அப்பா நடுவில் வந்து, "உருப்படி எட்டு ஆயிடுச்சு, எண்ணிக்கோ" என்றார். அவர் எண்ணுகிற முறையில் பேத்தியும் ஓர் உருப்படி. ஆக ஒன்பது.

திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. எட்டுப் பெட்டியோடு தொடங்கி, கூட்டம் தாங்காமல் பிறகு பெட்டிகளைக் கூட்டினார்கள். சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் ஓடிவிடும். விமானம் மாதிரி இருக்கும் என்று ஏற்கனவே போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கதவு தானாகத் திறந்தது. நான் ஆறடிக் கரும்பை முன்னால் நீட்டிக்கொண்டு, வேல் பிடித்த முருகன் மாதிரி உள்ளே நுழைந்தேன். பெட்டியில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். எட்டு உருப்படியும் ஏறி முடிக்கிற வரைக்கும் அப்பா வெளியே நின்று சத்தமாக எண்ணினார். கதவு மூடப் போகிறது என்று அறிவிப்பு வந்த பிறகும், "மணப்பாற ஒம்பது ஒம்பதேகால் வாக்கில வரும், முழிச்சிட்டு இரு" என்றார். அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

கரும்பை மேலே பெட்டி வைக்கிற தட்டில் நீளவாக்கில் படுக்க வைத்தேன். மூன்று வரிசைக்கு மேல் அது நீண்டு கிடந்தது.

உட்கார்ந்த பிறகுதான் அடுத்த விஷயம் புரிந்தது. இந்த வண்டியின் சேர் கார் பெட்டியில் பாதி நாற்காலிகள் முன்னோக்கியும் மீதிப் பாதி பின்னோக்கியும் இருக்கின்றன. சுழல்கிற நாற்காலி வேண்டும் என்றால் கூடுதல் காசு கொடுத்து அடுத்த வகுப்பில் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பின்னோக்கி. அதாவது, நான் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன். எதிரே திருநெல்வேலி மெதுவாகச் சின்னதாகிக்கொண்டு போகிறது. பிளாட்பாரத்தில் அம்மாவும் அப்பாவும் எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி உள்ளிருந்து பார்த்தால் தெரிகிறது, வெளியிலிருந்து தெரியவில்லை போலிருக்கிறது. நான் பதிலுக்குக் கையாட்டியது பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவரும் மரியாதைக்கு ஆட்டினார்.

பின்னோக்கி உட்கார்ந்து ஊர் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எது வரப்போகிறது என்பது தெரியாது. எது போய்விட்டது என்பது மட்டும் தெரியும். வாஞ்சி மணியாச்சி போன பிறகுதான் மணியாச்சி என்று தெரிந்தது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். நெல்லை எக்ஸ்பிரஸில் விடிகிற நேரத்தில் இந்த ஸ்டேஷன் வரும்போது அப்பா எங்களை எழுப்பி அந்தக் கதையைச் சொல்வார். நான் மகளிடம் சொல்ல ஆரம்பித்து, ரயில் பெட்டிக்குள் ஆஷ் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வருவதற்குள் கடம்பூரும் போய்விட்டது. போளி விற்கிற குரல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது, கண்ணாடி மூடியிருக்கிறது. இந்த வண்டியில் ஜன்னல் என்பது பார்க்க மட்டும்தான்.

கோவில்பட்டி, சாத்தூர். கரிசல் காடு காலை வெயிலில் விரிந்து கிடந்தது. நான் இத்தனை வருடம் தூங்கிக்கொண்டே கடந்தது இதையா என்று இருந்தது. சாத்தூர் பிளாட்பாரத்தில் கூடையோடு ஓர் அம்மா எங்கள் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிற்காத வண்டியைப் பார்த்து என்ன ஆகப் போகிறது.

விருதுநகரில் ஏறிய ஒருவர் தன் பெட்டியை மேலே வைக்கப் போய், கையைப் பாதியில் நிறுத்தினார்.

"இது யாரோடது?"

மூன்று வரிசையிலிருந்தும் விரல்கள் என் பக்கம் நீண்டன. நான் எழுந்து கரும்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். மதுரையிலும் இதே கேள்வி, இதே விரல்கள். அதற்குள் கரும்பு மொத்தப் பெட்டிக்கும் பழக்கமாகிவிட்டது. மதுரையில் ஏறிய ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நன்றாகத் தட்டிப் பார்த்தார். "எந்த ஊருக் கரும்பு?" என்றார்.

"திருநெல்வேலி."

"திருநெல்வேலில ஏது இந்தக் கரும்பு? இது எங்க மேலூர்க் கரும்பு. கணுவப் பாத்தாத் தெரியாதா? இங்கேருந்து லாரில அங்க போயிருக்கும்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். மேலூரிலிருந்து லாரியில் திருநெல்வேலிக்குப் போன கரும்பு, வந்தே பாரத்தில் மறுபடி மதுரை வழியாகச் சென்னைக்குப் போகிறது. எங்களை எல்லாம்விட அது அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது.

வைகைப் பாலம், சோழவந்தான் தென்னந்தோப்பு, அப்புறம் கொடைக்கானல் ரோடு. இந்தியாவிலேயே இவ்வளவு நயமாகப் பெயர் வைத்த ஸ்டேஷன் இருக்காது. "கொடைக்கானல்" என்று சொல்லி ஆசை காட்டிவிட்டு "ரோடு" என்று கையைக் கழுவிவிடுகிறார்கள். இறங்கினால் மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர். என் நண்பன் ஒருவன் தேனிலவுக்குப் போனபோது, இங்கே இறங்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறான். அவன் மனைவி இன்றைக்கும் சண்டை வந்தால் அந்த ஸ்வெட்டரிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

திண்டுக்கல்லில் மலையைப் பார்த்தேன். வெறும் பாறை, தலையணை மாதிரி நீண்டு படுத்திருக்கிறது. திண்டு மாதிரிக் கல் என்பதால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்கிறார்கள். மேலே நாயக்கர் கட்டிய கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், கடைசியில் வெள்ளைக்காரன் என்று எல்லார் கையிலும் இருந்திருக்கிறது. இவ்வளவு பேர் சண்டை போட்டுப் பிடித்த திண்டை, நான் நூற்றைம்பது முறை வேறொரு திண்டில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன்.

சரி, அடுத்தது மணப்பாறை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். முகத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் முன் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மூன்று வயது இருக்கும். கரும்பைக் கை காட்டிக் காட்டி அழுகிறது. அதன் அம்மா, "அது மாமாவோடது, வீட்ல போய் வாங்கித் தரேன்" என்கிறார். குழந்தை இன்னும் ஒரு சுதி ஏற்றியது. பெட்டியே என்னைப் பார்த்தது. நான் எழுந்தேன். வேறு வழி?

முழங்காலில் வைத்து ஒடித்துப் பார்த்தேன். முழங்கால்தான் ஒடியும் போல இருந்தது. மேலூர்ப் பெரியவர், "தள்ளுங்க தம்பி" என்று எழுந்து, பழம் வெட்ட வைத்திருந்த சின்னக் கத்தியை மடியிலிருந்து எடுத்தார். இரண்டு பேரும் கரும்பைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனோம். அவர் கணுவைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, ஒரு தட்டுத் தட்டி, சுள்ளி மாதிரி ஒடித்தார். முதல் துண்டு குழந்தைக்கு. இரண்டாவது அதன் அண்ணனுக்கு. அப்புறம் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பிறகு பெரியவர்கள், "பையனுக்கு" என்று சொல்லி வாங்கிப் போய்த் தாங்களே கடித்தார்கள். சீருடை போட்ட பணியாளர் தம்பி ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சார், சக்கைய மட்டும் கீழ போட்றாதீங்க" என்று ஒரு பெரிய குப்பைப் பையைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார். ஒரு துண்டு அவருக்கும் போயிற்று.

குளிர்சாதனப் பெட்டியில், காலை டிபன் வந்த அட்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பேர் கரும்பு கடிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஜன்னல் திறக்காத, பண்டம் ஏறாத வண்டியில் நாங்களே ஒரு பண்டத்தை ஏற்றிவிட்டோம். பெரியவர் எல்லாரிடமும், "மேலூர்க் கரும்பு, மேலூர்க் கரும்பு" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

கை பிசுபிசுக்க, கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "மணப்பாறை வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அது எப்பவோ போயிடுச்சுப்பா" என்றாள். "மஞ்சள் போர்டு மட்டும் பார்த்தேன். நல்லாதான் இருந்துச்சு."

திருச்சி வந்துகொண்டிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நூற்றைம்பத்தொன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். திருச்சி தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் பின்னோக்கி உட்கார்ந்திருப்பதன் பலன் கிடைத்தது. முன்னோக்கி இருந்தவர்களுக்கு மலைக்கோட்டை ஒரு நொடி வந்து போயிருக்கும். எனக்கு அது வெகு நேரம் எதிரேயே நின்றது. அடுத்து ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987-இல்தான் முடிந்த கோபுரம். கொள்ளிடம் தாண்டிய பிறகும் தென்னைகளுக்கு மேலே அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மலைக்கோட்டையைத் தவறவிட்ட முன்னோக்கிக்காரர்கள் சிலர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

அரியலூர் வந்ததும் மகள், "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம்பா. டைனோசர் காலத்துல. இப்பவும் மண்ணுல கிளிஞ்சல் எல்லாம் கல்லாக் கிடைக்குமாம்" என்றாள்.

"நல்லவேளை இப்ப இல்ல" என்றாள் மனைவி, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே. "இருந்திருந்தா உங்கம்மா போன் பண்ணி, போற வழிதானே, அப்படியே கருவாடு வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பாங்க."

விழுப்புரத்துக்கு அப்புறம் நான் தூங்கிவிட்டேன். பழக்கம்.

எழும்பூரில் இறங்கியபோது கரும்பில் மிச்சம் இருந்தது இரண்டு கணு. மற்ற ஏழு உருப்படியும் பத்திரம். ஆட்டோக்காரர் மூட்டைகளைப் பார்த்து ஒரு தொகை சொன்னார். பிறகு பனங்கிழங்கு வாசனை பிடித்து, "தெக்கத்திங்களா?" என்று கேட்டு இருபது ரூபாய் குறைத்தார். அவருக்குச் சங்கரன்கோவில் பக்கமாம். ஒரு கட்டு கிழங்கு அவரோடு போனது. கணக்குப் பார்த்தால் அது இருபது ரூபாய்க்கு மேல்.

வீட்டில் மூட்டைகளைப் பிரிக்கும்போது அடியில் ஒரு துணிப்பை வந்தது. அது அம்மா கட்டியது இல்லை, முடிச்சு வேறு மாதிரி இருந்தது. பாளையங்கோட்டை அத்தை, பேத்திக்கு என்று கிளம்புகிற அன்றைக்கு முந்தின ராத்திரி கொண்டு வந்து கொடுத்தது. திறந்தால் மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம். ஓரத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. விலையை நகத்தால் சுரண்டியிருந்தார்கள். அந்தச் சுரண்டலை எனக்குத் தெரியும், யாருக்குப் பொருள் கொடுத்தாலும் அம்மா அப்படித்தான் சுரண்டுவாள். ஆனால் கடைப் பெயரும் வேளச்சேரியும் அப்படியே இருந்தன.

ஆக, நான் அம்மாவுக்குக் கொடுத்தது, அம்மா அத்தைக்குக் கொடுத்து, அத்தை என் மகளுக்குக் கொடுத்து, ஒரு வாரத்தில் அது கிளம்பிய கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வந்து சேர்ந்திருக்கிறது. மணப்பாறையை அதுவும் இரண்டு தடவை தாண்டியிருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். அதே நேரத்தில் அப்பா போன் பண்ணினார்.

"போய்ச் சேந்தாச்சா? உருப்படி எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குப்பா."

"மணப்பாறயப் பாத்தியா? வெளிச்சத்துல எப்படி இருந்துச்சு?"

"மொறுமொறுன்னு இருந்துச்சுப்பா" என்றேன்.